கத்தி எப்படிக் கை மாறுகிறது? இன முத்திரைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

சுரங்க ரயில் பெட்டி ஒன்றைக் காட்டும் ஒரு சித்திரம். இருக்கைகளில் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு ஆண்கள் நின்றபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கறுப்பினத்தவர், நேர்த்தியாக உடுத்தியிருக்கிறார். மற்றவர் வெள்ளையர். விரித்த சவரக் கத்தி வெள்ளையரின் கையில் இருக்கிறது.

1940களில் அமெரிக்க உளவியலாளர்கள் கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் இருவரும் இந்தச் சித்திரத்தை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். படத்தைப் பார்த்தவர், அதைப் பார்க்காத ஒருவரிடம் விவரிக்க வேண்டும். கேட்டவர் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். இப்படியே செய்தி ஆறேழு பேரைக் கடந்து போகும். 1947இல் வெளியான அவர்களது நூல் தரும் முடிவு இது: இந்தப் படத்தை வைத்து நடந்த சோதனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், ஏதோ ஒரு கட்டத்தில், கத்தி வெள்ளையரிடமிருந்து கறுப்பினத்தவர் கைக்குப் போய்விட்டது.

பொய் சொல்ல வேண்டும் என்று அங்கே யாரும் வந்து உட்காரவில்லை. கேட்டதில் பாதி மறந்துபோகிறது. மறந்த இடத்தை, தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நம்புகிற ஒன்றைக் கொண்டு மனம் நிரப்பிக்கொள்கிறது. அன்றைய அமெரிக்காவில் செய்தியும் மேடையும் சினிமாவும் கறுப்பினத்தவரையும் வன்முறையையும் சேர்த்துச் சேர்த்தே காட்டிவந்தன. அந்தப் பழக்கம்தான் கத்தியை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தது.

ஒருவரைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது. ஆனால் நிறத்தையும் முகவெட்டையும் பார்த்த மாத்திரத்தில் அவருடைய குணம், தொழில், நேர்மை, அறிவு எல்லாவற்றையும் நாமே எழுதி முடித்துவிடுகிறோம். ஸ்டீரியோடைப் என்று சொல்லப்படுவது இதுதான். இந்தக் கட்டுரையில் அதை இன முத்திரை என்று குறிப்பிடுகிறேன்.

தொடக்கத்திலேயே மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. முத்திரை என்பது ஓர் எண்ணம்: 'இவர்கள் எல்லாரும் இப்படித்தான்.' வெறுப்பு என்பது அந்த எண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும் உணர்ச்சி. பாகுபாடு என்பது செயல்: வீடு தர மறுப்பது, வேலை தர மறுப்பது, கடையில் பின்தொடர்ந்து கண்காணிப்பது. மூன்றும் சேர்ந்தே வரும் என்பதில்லை. யார் மீதும் வெறுப்பில்லாத ஒருவர் முத்திரையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பாகுபாடு காட்டிவிட முடியும். தான் எந்தத் தவறும் செய்யவில்லை என்றே அவர் உண்மையாக நம்புவார். அதனால்தான் 'எனக்கு யார் மேலும் துவேஷம் கிடையாது' என்ற பதிலோடு இந்தப் பேச்சு முடிந்துவிடுவதில்லை.

இனம் என்ற பிரிவே உயிரியல் அடிப்படையில் மிகவும் மெலிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின் 1972இல் கணக்கிட்டுக் காட்டியது இன்றும் நிற்கிறது: மனிதர்களிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் எந்த ஒரு மக்கள் குழுவுக்குள்ளேயும் காணக் கிடைப்பதுதான். குழுக்களுக்கு இடையில் இருப்பது மிச்சம் மட்டுமே. வெளியே தெரிகிற தோல் நிறமும் மூக்கின் வடிவமும் உள்ளே இருக்கும் குணத்தைச் சொல்லும் என்பதற்கு அறிவியலில் இடமே இல்லை.

ஒருவருக்குப் பதில் இன்னொருவர்

2016 ஜனவரி 31 அன்று இரவு, பெங்களூருவின் புறநகர்ப் பகுதி ஒன்றில், சூடான் நாட்டைச் சேர்ந்த ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்தார். ஆத்திரத்தில் கூட்டம் கூடியது. ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து, நடந்தது எதுவும் தெரியாமல், தான்சானியாவைச் சேர்ந்த ஒரு மாணவி தன் நண்பர்களோடு காரில் அந்த வழியாக வந்தார். கூட்டம் அந்தக் காரை மறித்தது. மாணவியைத் தாக்கியது. காருக்குத் தீ வைத்தது.

சூடானின் தலைநகர் கார்ட்டூம். தான்சானியாவின் பெருநகரம் தார் எஸ் ஸலாம். இரண்டுக்கும் இடையே 2,500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒரு நாட்டில் அரபு பெருமொழி, மற்றதில் சுவாஹிலி. அந்த மாணவிக்கும் விபத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு தோலின் நிறம். முத்திரை செய்யும் மிகக் கொடிய காரியம் இதுதான்: ஒருவர் செய்ததற்கு இன்னொருவரைப் பொறுப்பாக்குகிறது. தனி மனிதர் அழிந்துபோய், 'அவர்களில் ஒருவர்' மட்டுமே மிஞ்சுகிறார்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. பள்ளி மாணவன் ஒருவன் காணாமல் போனான். அக்கம்பக்கத்தில் குடியிருந்த நைஜீரியர்கள் அவனைக் கொன்று தின்றுவிட்டார்கள் என்ற வதந்தி கிளம்பியது. மாணவன் திரும்பி வந்தான், பிறகு இறந்தான். போதைப்பொருளே காரணம் என்ற சந்தேகமும் அதே நைஜீரியர்கள் மேல்தான் விழுந்தது. அடுத்த சில நாட்களில், இந்த விவகாரத்தில் எந்தத் தொடர்பும் இல்லாத ஆப்பிரிக்க மாணவர்கள் வணிக வளாகத்துக்குள்ளேயே வைத்துத் தாக்கப்பட்டார்கள்.

ஆப்பிரிக்காவின் பக்கமே போகாத ஒருவருக்கு 'நரமாமிசம்' என்ற சந்தேகம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் ஊடகம் நுழைகிறது. தலையில் இறகு, முகத்தில் சாயம், கொதிக்கும் கொப்பரையைச் சுற்றி ஆட்டம். இந்தக் காட்சியை நம்மில் பலர் சிறுவயதிலேயே கார்ட்டூன்களிலும் சித்திரக் கதைகளிலும் காட்டுச் சாகசப் படங்களிலும் பார்த்து வளர்ந்திருக்கிறோம். காலனி ஆட்சியைத் தேவையானதாகவும் நல்லதாகவும் காட்டுவதற்கு ஐரோப்பியர்கள் பரப்பிய படிமம் அது. அதே காலனி ஆட்சியால் நசுங்கிய நாமும் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டோம். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு மருத்துவரோ எழுத்தாளரோ பேருந்து ஓட்டுநரோ நம் திரையில் சாதாரண மனிதராக வந்து போன காட்சியை நினைவுபடுத்திப் பாருங்கள். எளிதில் கிடைக்காது. வேறு படிமமே இல்லாத இடத்தில் பழைய படிமம் ஒன்றே சாட்சியாகிவிடுகிறது.

சொந்த நாட்டில் 'எந்த நாடு?'

இந்தியாவின் வடகிழக்கில் எட்டு மாநிலங்கள். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் நான்கரைக் கோடி மக்கள். அசாமிய மொழி இந்தி, வங்காளத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. மேகாலயாவின் காசி மொழி அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு குடும்பம். மணிப்பூரின் மெய்தெய் மூன்றாவது குடும்பம். காசி மக்களிடம் குடும்பப் பெயரும் சொத்தும் தாய்வழியில் போகின்றன. இவ்வளவு பெரிய வேறுபாடுகளையும் 'வடகிழக்கு' என்ற ஒரே சொல்லில் அடைப்பதே ஒரு சுருக்கல். தெருவில் நடப்பதோ அதைவிட மோசம்: சீனாவா, நேபாளமா என்ற கேள்வி. 'சிங்கி' என்ற வசை. 2020இல் கொரோனா பரவத் தொடங்கியபோது இதே முகங்களைப் பார்த்து 'கொரோனா' என்று கத்தினார்கள். இதைத் தடுக்க நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

'எந்த நாடு?' என்று கேட்பவர் பெரும்பாலும் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை. நட்பாகக்கூட இருக்கலாம். ஆனால் கேட்கப்படுபவரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஒருமுறை, வகுப்பில் ஒருமுறை, வங்கியில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் தன் குடியுரிமையை அவர் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல், அமெரிக்கக் கறுப்பினத்தவர் அன்றாடம் எதிர்கொள்ளும் இத்தகைய சிறு அவமதிப்புகளைத் தனியே பெயரிட்டுக் குறித்தார். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும், சேரும்போது சுமையாகும் என்பதே அவர் எடுத்துக்காட்டியது.

வீடு தேடும் கதை இந்தச் சுமையை நன்றாகக் காட்டும். டெல்லிக்குப் படிக்க வரும் வடகிழக்கு மாணவர்களுக்குப் பல இடங்களில் வீடு கிடைப்பதில்லை. 'உங்கள் சமையல் வாடை அடிக்கும்', 'இரவில் தாமதமாக வருவீர்கள்' என்பவை வழக்கமான காரணங்கள். வீடு கிடைக்கிற முனிர்கா, ஹுமாயூன்பூர் போன்ற சில பகுதிகளில் அவர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள். உடனே அடுத்த முத்திரை தயாராகிறது: 'அவர்கள் யாருடனும் கலக்க மாட்டார்கள், தங்களுக்குள்ளேயே இருப்பார்கள்.' முதல் முத்திரை உண்டாக்கிய நிலைமையே இரண்டாவது முத்திரைக்கு ஆதாரமாகிவிட்டது. இந்தச் சுழல் பிடிபட்டுவிட்டால் இந்தத் தலைப்பில் பாதி புரிந்த மாதிரி.

முடிவெடுக்கும் மேசையில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் ஆகிய இரு பொருளியலாளர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்தவர். விண்ணப்பங்களில் பாதிக்கு எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்கள். மீதிக்கு லகீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்கள். தகுதிகளை இரு தரப்புக்கும் சமமாகப் பகிர்ந்திருந்தார்கள். 2004இல் வெளியான முடிவு: வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. கறுப்பினப் பெயருக்கு ஓர் அழைப்பு பெற பதினைந்து விண்ணப்பம் தேவைப்பட்டது. அந்த நிறுவனங்களின் அதிகாரிகளைக் கேட்டிருந்தால், ஒருவர்கூடத் தன்னை இனவெறியர் என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

செய்தியும் திரையும்

2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. மார்பளவு தண்ணீரில் பொருட்களோடு நடந்து வருபவர்களின் இரண்டு புகைப்படங்கள் அப்போது உலகம் முழுக்கப் பேசப்பட்டன. ஒன்றில் கறுப்பின இளைஞர். 'மளிகைக் கடையைக் கொள்ளையடித்துவிட்டு' வருகிறார் என்றது படக்குறிப்பு. இன்னொன்றில் வெளிர்நிறத்தவர் இருவர். மளிகைக் கடையிலிருந்து ரொட்டியும் சோடாவும் 'கண்டெடுத்து' வருகிறார்கள் என்றது குறிப்பு. இரண்டும் வெவ்வேறு செய்தி நிறுவனங்களின் படங்கள். முதல் படத்தை எடுத்தவர், அந்த இளைஞர் கடைக்குள் போய் எடுத்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார். இரண்டாவது படத்தை எடுத்தவரோ, பொருட்கள் தண்ணீரில் மிதந்துவந்தன என்றார். இரண்டு விளக்கங்களும் உண்மையாகவே இருக்கலாம், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வெள்ளத்தில் சிக்கிப் பசித்திருந்த மனிதருக்குக் 'கொள்ளை' என்ற சொல் எவ்வளவு சுலபமாக வந்து விழுந்தது என்பதுதான் வாசகர்களை உலுக்கியது.

நம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வருவோம். 'செல்போன் பறிப்பு: வடமாநில வாலிபர் கைது.' 'போதைப்பொருள் கடத்தல்: நைஜீரியர் சிக்கினார்.' இந்த மாதிரித் தலைப்புகள் நமக்குப் பழகிப்போனவை. கடலூர்க்காரரோ மதுரைக்காரரோ செல்போன் பறித்தால் தலைப்பு 'வாலிபர் கைது' என்று நின்றுவிடும், 'தமிழர் கைது' என்று வராது. நம்மவர் செய்தால் அது ஒரு தனி ஆள் செய்த குற்றம். வெளியாள் செய்தால் அவருடைய ஊரே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. திருப்பூர் பின்னலாடை ஆலையிலும் சென்னைக் கட்டுமானத் தளத்திலும் உணவகச் சமையலறையிலும் உழைத்துக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கானவர்கள் அந்தத் தலைப்பில் இல்லை. ஆனால் அதைப் படித்தவர் மறுநாள் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்க்கும் பார்வையில் அந்தத் தலைப்பு இருக்கிறது.

கண்டிப்பாகச் சொன்னால், பீகாரியும் தமிழரும் இரண்டு 'இனங்கள்' அல்ல. இது வட்டாரமும் மொழியும் சார்ந்த பிரிவு. ஆனாலும் முத்திரை இயங்கும் விதத்தில் எந்த வித்தியாசமும் இல்லை என்பதால்தான் இதை இங்கே சேர்க்கிறேன்.

நகைச்சுவை இதைவிட ஆழமாகப் போகும், ஏனென்றால் சிரிக்கும்போது யாரும் எதையும் சந்தேகிப்பதில்லை. 1968இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் நடித்த தென்னிந்தியப் பாட்டு வாத்தியார் பாத்திரம் பல தலைமுறைக்கு 'மதராஸி' என்றால் இப்படித்தான் என்று கற்றுக்கொடுத்தது. 2011இல் 'ரா ஒன்' படத்தின் தமிழ்க் கதாநாயகன் நூடுல்ஸில் தயிர் ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிட்டான். அதைப் பார்த்து நமக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். நம் படங்களில் 'நம்பள்கி, நிம்பள்கி' என்று பேசும் வட்டிக்கடை சேட்டும், டீக்கடை நாயரும் இதே வார்ப்பில் செய்யப்பட்டவர்கள்தான். அமெரிக்காவில் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் கடைக்காரர் அப்பு ஓர் இந்தியர். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா என்ற வெள்ளையர். அந்தக் குரலைக் கேட்டு வகுப்பில் கேலிக்குள்ளாகி வளர்ந்த இந்திய வம்சாவளியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். 2020இல் அசாரியா அந்தப் பாத்திரத்திலிருந்து விலகிக்கொண்டார். ஒரு பாத்திரம் மட்டும் இருந்ததே அங்கே சிக்கல். பத்து விதமான இந்தியர்கள் திரையில் இருந்திருந்தால், அப்பு அவர்களில் ஒருவராக மட்டும் இருந்திருப்பார்.

மணிப்பூரின் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோமின் வாழ்க்கையைப் படமாக எடுத்தபோதும் (2014) அவராக நடித்தவர் பிரியங்கா சோப்ரா. வடகிழக்கு முகம் ஒன்று பெரிய திரையில் கதாநாயகியாக வருவதற்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா?

'நெருப்பில்லாமல் புகையுமா?'

இந்தப் பேச்சை எடுத்தால் தவறாமல் வரும் கேள்வி இது. ஏதோ கொஞ்சம் உண்மை இல்லாமலா எல்லாரும் சொல்வார்கள்? கேள்வி நேர்மையானது, பதிலும் நேராக இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கற்பனைதான். ஓர் ஊரில் வெளியூர்த் தொழிலாளர்கள் 10,000 பேர். ஓராண்டில் அவர்களில் 20 பேர் ஏதோ ஒரு குற்றத்தில் கைதாகிறார்கள். இருபதும் செய்தியாகிறது. வேலைக்குப் போய் வீடு திரும்பிய 9,980 பேரைப் பற்றி ஒரு வரிகூட வராது, வரவும் முடியாது. அந்த ஊர்க்காரர் ஓராண்டு முழுக்கப் பத்திரிகையில் சந்தித்த வெளியூர்த் தொழிலாளர்கள் இருபது பேர். இருபது பேரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள். அவர் படித்த ஒவ்வொரு செய்தியும் உண்மையாகவே இருந்தாலும், அவர் வந்து சேர்ந்த முடிவு தவறு. 'கைதானவர்களில் எத்தனை பேர் அவர்கள்?' என்பதும் 'அவர்களில் எத்தனை பேர் கைதானார்கள்?' என்பதும் வேறு வேறு கேள்விகள். முத்திரை எப்போதும் முதல் கேள்விக்கான விடையை எடுத்து இரண்டாவது கேள்விக்குக் கொடுத்துவிடுகிறது.

புகை நிஜமாகவே தெரிகிறது என்றாலும், நெருப்பை வைத்தது யார் என்று கேட்க வேண்டிய இடங்களும் உண்டு. பெருநகரங்களின் அழகு நிலையங்களிலும் உணவகங்களிலும் வடகிழக்கு இளைஞர்களை அதிகம் பார்க்கிறோம். 'அவர்களுக்கு அந்த வேலைதான் வரும்' என்று ஒருவர் முடிவுகட்டலாம். மற்ற கதவுகள் எத்தனை அவர்களுக்குத் திறந்தன என்பதையும், ஊரில் வேலைவாய்ப்பு எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்தால் வேறு பதில் கிடைக்கும்.

பாராட்டு வடிவில் வரும் முத்திரைக்கும் இதே நியாயம்தான். 'ஆசியர்கள் கணக்கில் புலிகள்', 'கறுப்பினத்தவர் உடல் வலிமை மிக்கவர்கள்.' கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் கணக்கு வராத ஆசியச் சிறுமி தன் சிரமத்தைச் சொல்ல வெட்கப்படுகிறாள், அவளுக்கு உதவி தேவை என்று ஆசிரியருக்கும் தோன்றுவதில்லை. 'வலிமை' என்ற பாராட்டின் விலை இன்னும் அதிகம். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கலந்துகொண்ட வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்யான கருத்துகளில் ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், சிகிச்சைப் பரிந்துரையிலும் பிசகினார்கள். வலியில் துடிப்பவருக்கு மருந்து குறைந்தால், அதைப் பாராட்டு என்று எப்படிச் சொல்வது?

அடையாளத்தை எப்போது சொல்லலாம்?

அப்படியென்றால் ஒருவரின் இனம், ஊர், நிறம் பற்றிப் பேசவே கூடாதா? அதுவும் தவறான முடிவு. பிரிட்டனின் பத்திரிகை ஒழுங்குமுறை அமைப்பான இப்சோவின் விதி இதில் நல்ல வழிகாட்டி: இனம், நிறம், மதம் போன்ற விவரங்கள் செய்திக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் தவிர, தவிர்க்கப்பட வேண்டும். செல்போன் பறித்தவரின் மாநிலம் எது என்பது அந்தக் குற்றத்தை விளக்குவதில்லை, எடுத்துவிட்டால் செய்தியில் எதுவும் குறையாது. எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது அந்த ஒரு சொல்லை விரலால் மறைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு மாணவரை ஒரு கடையில் அவருடைய முடியைப் பார்த்துக் கேலி செய்தார்கள். வாய்த்தகராறு முற்றி அவரை அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். இந்தச் செய்தியில் அவர் எந்த மாநிலத்தவர், எப்படிப்பட்ட தோற்றம் கொண்டவர் என்பதை மறைத்தால், 'கடையில் தகராறு: மாணவர் பலி' என்று மட்டும் எழுதினால், ஏன் நடந்தது என்பதே காணாமல் போய்விடும். அந்த மரணத்தை ஒட்டி மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை கொடுத்தது. இனரீதியான அவமதிப்பைத் தண்டிக்கத் தனிச் சட்டப்பிரிவுகள் வேண்டும், வடகிழக்கின் வரலாறு பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. மாணவரின் ஊரை ஒளித்து எழுதப்பட்ட செய்தியிலிருந்து இப்படி ஒரு பரிந்துரை பிறந்திருக்க வழியில்லை.